நான் கிள்ளிய செடியைத் தேடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அப்போதும் இப்போதும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். பாகங்களைக் கண்ணால் பார்த்துக் கழிப்பது என் வேலை. மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும். மழைக்குக் காம்பவுண்டு சுவரோரம் கீரை மண்டிவிடும். பெண்கள் நாங்கள் ஓடிப்போய் நுனியை மட்டும் கிள்ளி, காலி டிபன் பாக்ஸில் அடைத்துக்கொள்வோம். டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் பாக்ஸ் நிரம்ப வேண்டும். இதில் என் கைதான் வேகம் என்று எனக்கு ஒரு மிதப்பு.

மாமியாருக்கு வாய்ப்புண் என்று சனிக்கிழமை மணத்தக்காளி கிள்ளி வந்து, மறுநாள் மதியம் கடைந்து கொடுத்தேன். கொஞ்சமாக இருந்ததால் அவர் மட்டும் சாப்பிட்டார். ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். முகம் சிவந்து, நாக்கு வறண்டு, இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். என்னையே யாரென்று கேட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா, "காத்து சேஷ்டை மாதிரி கீது, மந்திரிச்சிக்கினு வந்துடலாம்" என்றார். நான் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கணவரும் நாத்தனாரும் வண்டியில் பின்னாலேயே வந்தார்கள்.

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். மணத்தக்காளிக் கீரை என்றேன். "நிச்சயமா அதுதானா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்தது நுனியைத்தான், பூவையோ காயையோ பார்க்கவில்லை. வீட்டில் மிச்சம் இருந்ததும் கடைந்த கீரை. செடியையே கொண்டுவருகிறேன் என்று கணவரிடம் வண்டிச் சாவியை வாங்கினேன்.

வழியெல்லாம் பயம். மருமகள் விஷம் வைத்துவிட்டாள் என்று பேச ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும். செடி கிடைக்கவில்லை என்று திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டு வண்டியை முறுக்கினேன்.

கம்பெனி சுவரோரம் உட்கார்ந்து, நான் கிள்ளிவிட்ட காம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் எல்லாம் மணத்தக்காளிதான். கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ, மிளகு அளவில் காய். நடுவே நுனி இல்லாத நாலைந்து இளஞ்செடிகள் மட்டும் வேறாக இருந்தன. அடி இலை அகலம், ஓரம் பல் பல்லாக இருந்தது. காம்பைச் சேரும் இடத்தில் இலையின் ஒரு பாதி ஏறியும் மறுபாதி இறங்கியும் இருந்தது. கசக்கினால் குமட்டும் நாற்றம். இரண்டடி தள்ளி முள்ளுக்காயோடு வளர்ந்த செடியே நின்றது. ஊமத்தை. காயோடு பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் கிள்ளிய இளஞ்செடி ஒன்றையும் அந்த வளர்ந்த செடியையும் வேரோடு பிடுங்கினேன்.

எல்லாரும் பார்க்க டாக்டர் மேஜையில் வைத்து, நான்தான் தெரியாமல் கலந்து கிள்ளிவிட்டேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நர்ஸிடம் ஊசி மருந்தைச் சொன்னார். நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் நாள் மாமியாருக்கு நினைவு தெளிந்தது. "இவ கையால இனிமே தண்ணி கூட வாங்கிக் குடிக்காதம்மா" என்றார் நாத்தனார்.

மாமியார் எழுந்து உட்கார்ந்தார். "கம்முனு இருந்திருந்தா இன்னா ஏதுன்னு யாருக்குத் தெரியும்? தானே போய்ப் புடுங்கிக்கினு வந்து காட்டியிருக்கா. எனக்கு அது போதும்."

கீரை கிள்ளுவதை நான் விடவில்லை. இப்போது பூ, காய், அடி இலை, காம்பு எல்லாம் பார்த்து, கசக்கி மோந்த பிறகுதான் கை வைக்கிறேன். பஸ்ஸை இரண்டு தரம் விட்டிருக்கிறேன். போன மாதம் மாமியாருக்கு மறுபடி வாய்ப்புண். மணத்தக்காளி கிடைக்குமா என்று அவரே கேட்டார். கடைந்து வைத்ததும், இது என்ன கீரை என்று ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டார். அவர் பார்க்காமல் சாப்பிடுவதற்கும் சேர்த்து நான்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.