வன்னிக் கரடியும் என் வலது தோளும்

குண்டு போட்ட துவக்கோடு ஒரு பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, பின்னாலிருந்து "கரடி" என்று சொல்லி விளையாடுகிற மடையன் உலகத்தில் ஒருவன்தான் இருப்பான். அவன் நான்தான். வயது ஐம்பத்தெட்டு. இந்த வயதில் மற்றவர்களுக்கு நரையோடு கொஞ்சம் புத்தியும் வந்திருக்கும். எனக்கு நரைக்க மயிரே மிஞ்சவில்லை. அந்த வழியும் அடைபட்டுப்போனது.

பிள்ளை என்றது என் மகளை. இருபத்துநாலு வயது. சுவிஸில், டாவோஸில் நான் ஹோட்டல் சட்டி கழுவிய காலத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியர் என்று போக, இவள் வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினாள். குற்றம் என்னுடையதுதான். சின்ன வயதில் அவளுக்குச் சோறு தீத்த நான் சொன்னது ஒரே ஒரு கதை: வன்னிக் காட்டில் அப்பாவைக் கரடி பிராண்டிய கதை. சாட்சிக்கு என் வலது தோளில் தழும்பு இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் கரடி ஓரடி வளர்ந்தது. பத்து வயதில் அவளுக்கு என்னை விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் "கரடி விடாதேங்கோ அப்பா" என்பாள். பொய் அளப்பதற்கு எல்லோரும் சொல்கிற சொல்தான். எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு நகமும் இருந்தது.

வேலை கிடைத்துத் தனியாகப் போனபின் அவளுடைய போன் பேச்சு இரண்டு நிமிடமாகச் சுருங்கியது. சாப்பிட்டீங்களோ, ஓம், சரி வைக்கிறன். அப்படிப்பட்டவள் போன செப்டெம்பரில் தன் முதல் வேட்டைக்கு, "நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டாள். அன்று சந்தோஷத்தில் வேலையிடத்தில் ஒரு தட்டு நிறையக் கிளாஸ்களைப் போட்டு உடைத்தேன்.

போன இடத்தில், இத்தாலிப் பக்கமிருந்து ஒரு கரடி வந்திருக்கிறது, கவனம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதைச் சுடக் கூடாது, சட்டம் காக்கிற மிருகம். நாங்கள் போனது மலையாட்டுக்கு. விசா இல்லாமல் எல்லை தாண்டிய கரடிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஏறும்போதே அவள் சட்டம் சொன்னாள். "எனக்கு முன்னால போகக் கூடாது. துவக்கு என்ர கையில இருக்கேக்க பகிடி கூடாது. கரடியைக் கண்டா ஓடக் கூடாது. ஆறுதலாக் கதைச்சுக்கொண்டு மெல்லப் பின்னால போகவேணும்."

"இத்தாலிக் கரடியெல்லோ. என்ன பாஷையில கதைக்கிறது?"

"உங்கட ஜேர்மன் பாஷையைக் கதையுங்கோ. தானா ஓடிடும்."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தோம். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். பாறைக்குப் பின்னால் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தோம். மலையாடு வரவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு இன்னொருமுறை வேண்டியிருந்தது. அவள் காதுக்குப் பின்னால் குனிந்து, "கரடி" என்றேன்.

துவக்கோடு திரும்பினாள். குழலின் வாய் என் நெஞ்சுக்கு நேரே வந்து கடந்து போனது. விசையில் விரல் இல்லை, பூட்டும் போட்டபடிதான். நன்றாகப் படித்திருக்கிறாள். ஆனால் அந்தச் சின்ன வட்ட ஓட்டையை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

குண்டுகளைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டாள். "உங்களைச் சுட்டிருப்பன்."

"பூட்டுத்தானே போட்டிருந்தது."

"போடாட்டி?"

பஸ் தரிப்பு வரைக்கும் அவள் விறுவிறென்று முன்னால் இறங்கினாள். அங்கே வாங்கில் உட்கார்ந்த பிறகு, "இனி நீங்கள் வரவேண்டாம்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். எனக்கு ஓர் அண்ணை இருந்தவர். எனக்குப் பதினேழு வயதில் என்னைக் கரடி வேட்டைக்கென்று வன்னிக் காட்டுக்குக் கூட்டிப்போனார், இரவல் துவக்கோடு. வாய்க்கால் கடக்கும்போது அவர் குண்டைக் கழற்றவில்லை. சறுக்கினார். வெடித்தது. என்னைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். துவக்கு என்றால் ஆமி ஆளைப் பிடிக்கிற காலம். "கரடி பிராண்டினது எண்டு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். தோளிலிருந்து ஈயச் சன்னங்களை எடுத்த டொக்டர் என்னை நம்பவில்லை. எனக்குச் சோடா வாங்க வெளியே போன அண்ணையை வாசலில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். பிறகு ஒருவரும் அவரைக் காணவில்லை. அவர் கடைசியாகச் சொல்லித்தந்ததை நான் மாற்றவில்லை. கரடி என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் குரலுக்கு வேறு பழக்கமில்லை. அழவேண்டிய இடத்திலும் பகிடி சொல்கிற இழுவையிலேயே வந்தது. முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வளைவில் திரும்பி வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு எழுந்தாள்.

"கரடி விடாதேங்கோ அப்பா."