எனக்கென்று ஒரு படி

எங்கள் ஊரை வடக்கத்திக்காரர்கள் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், சத்தியமாக நம்பினேன். நேற்று நீடாமங்கலம் போகிற வழியில் ரைஸ்மில்லைத் தாண்டும்போது வழக்கமான கடுகெண்ணெய் வாசனை வரவில்லை. அப்போதுதான் அந்தப் பைத்தியக்காரத்தனம் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது.

பயப்படுவது எனக்குப் புதிதா என்ன? பள்ளிக்கூடச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலத்திலேயே, "ஜனம் பெருகி நிக்க இடமில்லாம போகும்டா" என்று சவரிமுத்து வாத்தியார் மிரட்டிவிட்டார். அன்று சாயங்காலமே வெண்ணாற்றுப் படித்துறையில் எனக்கென்று ஒரு படியைக் கரிக்கட்டியால் கோடு போட்டு ஒதுக்கிக்கொண்டேன். இன்றுவரை அந்தப் படியை ஒருத்தரும் கேட்கவில்லை. கூடப் படித்த பயல்களெல்லாம் திருப்பூர், சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டார்கள். என் மகனே தோஹாவில், கட்டில் மேல் கட்டில் போட்ட அறையில் கிடக்கிறான்.

நாற்று நட வங்காளத்து ஆட்கள் வந்தார்கள். ரைஸ்மில்லுக்குப் பீகார்க் குடும்பங்கள் கடுகெண்ணெய்ச் சமையலோடு வந்தன. டீக்கடையில் முதலில் அலறிய மேதாவி நான்தான். "முதல்ல ரேஷன் கார்டு, அப்புறம் ஓட்டு, அப்புறம் பஞ்சாயத்துத் தலைவர்!"

"உம் பையன் தோஹாவுல ராஜாவாயிட்டானாடா?" என்றார் கடைக்காரர்.

"அவன் உழைக்கப் போயிருக்கான். அது வேற."

மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அதோடு வாயை மூடியிருப்பேன்.

பிறகு, பிள்ளைகள் இல்லையென்று நான் படித்த அந்தப் பள்ளிக்கூடத்தையே மூடப்போவதாகப் பேச்சு வந்தது. இருந்த கொஞ்சநஞ்சத்தையும் மஞ்சள் வேன் மன்னார்குடி இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தது. "மில்லுப் பிள்ளைங்க வந்தா பள்ளிக்கூடம் தப்பிச்சிடும். நீங்க போய்ப் பேசுங்க சார். ஊர்லயே உங்களுக்குத்தான் வாய் அதிகம்" என்றார் தலைமை ஆசிரியை ஆரோக்கியமேரி.

ஊரைப் பிடிக்க வந்தவர்களிடம், பள்ளிக்கூடத்தையாவது பிடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சப் புறப்பட்டேன். வழியெல்லாம் இந்தி ஒத்திகை வேறு. மூட்டை தூக்கும் ராம்பிரவேஷ் வீட்டு வாசலில் நின்று, "தும்ஹாரா பச்சா...", அதாவது உன் பிள்ளை, என்று ஆரம்பித்தேன்.

"தமிழ்லயே சொல்லுங்கண்ணே. டீ சாப்பிடுறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். உள்ளே அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் கேட்டிருந்தா சேத்திருப்போம்ணே. இப்ப எங்க ஊர்ப்பக்கமே வேலை வந்துடுச்சு. நாளைக்கு ரயிலு."

மற்ற குடும்பங்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கவில்லை.