எரிச்சல் உண்டா?

பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது கண்டக்டர்தான் சிங்களத்தில் சொன்னார்: “தொஸ்தர நோனா நெத்தி வுணாலு.” டொக்டரம்மா இறந்துவிட்டாராம். மாரடைப்பு. முந்தின வாரம்கூட தொலைபேசியில் என்னோடு சண்டை பிடித்த மனுஷி. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் கேட்ட ஒரே ஒரு காரியத்தைச் செய்து கொடுக்காமல் கடைசிவரை இழுத்தடித்துவிட்டார்கள்.

டொக்டர் மரகதவல்லியை உங்களில் பலருக்குப் பல் டொக்டராகத் தெரியும். நான் அவருடன் தேயிலைத் தோட்டம் தோட்டமாக அலைந்தவன். வாய்ப்புற்றுநோயை முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் ஆய்வு அது. நான் கேள்வி கேட்டு எழுதுவேன். ‘உண்டு’ என்றவர்களின் வாயை அவர் பார்ப்பார். அவருடைய அப்பா இதே சந்தியில் வெற்றிலையும் புகையிலையும் விற்றவர். “எங்கப்பா வித்ததத்தான் நான் இவங்க வாய்க்குள்ள தேடிக்கிட்டிருக்கேன்” என்று சிரிப்பார்.

கேள்விகள் கொழும்பில் அச்சாகி வந்தன. அதில் ஒன்று, ‘உங்களுக்கு எரிச்சல் உண்டா?’ காரம் பட்டால் வாய் எரிவது ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பாக்கியம் அக்காவிடம் அதை அப்படியே வாசித்தேன். அவர் பக்கத்தில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எனக்கு யாரு மேலயும் எரிச்சல் இல்லைங்க” என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டொக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்தார்.

“அத விடுங்கக்கா. காலையில ரொட்டிக்கு என்ன தொட்டுக்கிறீங்க?”

“சீனிதாங்க.”

“மொளகாச் சம்பல்?”

“அத விட்டு ரொம்ப நாளாச்சுங்க. வாயில வச்சா காந்துது.”

வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல்கூட நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகியிருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். பாக்கியம் அக்கா இன்றும் கொழுந்து எடுக்கிறார்.

சம்பல் சாப்பிட முடிகிறதா என்பதையும் ஒரு கேள்வியாகச் சேருங்கள் என்று அவர் அன்றிலிருந்து கேட்கத் தொடங்கினார். ஆய்வை மேற்பார்வை செய்த அதிகாரி வந்தார். “இடையில கேள்விய மாத்த ஏலாது டொக்டர். பிறகு ஒண்டோட ஒண்டை ஒப்பிட ஏலாமப் போயிடும்.” அதிலும் நியாயம் இருந்தது. “மாத்த வேணாங்க. ரெண்டையும் கேளுங்க. எது ஆளக் கண்டுபிடிக்குதுன்னு பாருங்க. அதுக்குத்தானே ஆராய்ச்சி?” என்றார் டொக்டரம்மா. மேலிடக் குழுவிடம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. குழு கூடியது, கலைந்தது, புதுக் குழு வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

புளத்கொகுபிட்டியப் பக்கத் தோட்டங்களில் எங்களைப் போன்ற வேறொரு அணி அச்சடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டு போனது. அங்கே ‘இல்லை’ என்று பதில் சொன்ன ஒரு பெண்ணைப் பின்னாளில் டொக்டரம்மாவிடம் கொண்டுவந்தார்கள். கரண்டி நுழையாத வாய். கழுத்தில் கட்டி. காலம் கடந்துவிட்டது. அவர் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நம்மாளுங்க கேள்வி கேக்கப் போனதுக்கு முந்தியே அந்தம்மா சம்பல நிறுத்திட்டாங்களாம். அந்தம்மா பொய் சொல்லல. நாமதான் அவங்களுக்குப் புரியாத பாஷையில கேட்டிருக்கோம்.”

செத்தவீட்டுக்கு அந்த அதிகாரி பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். டொக்டருடைய ஞாபகமாகப் புது ஆய்வு தொடங்கப்போகிறார்களாம். சம்பல் கேள்வி சேர்ந்ததா என்று கேட்டேன். “இப்போதைக்குப் பழைய படிவம்தான் தம்பி” என்றார். பிரேதத்தை வைத்துக்கொண்டு சத்தம் போடக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நான்தான் மறுபடி மடுவத்துக்குப் போகப்போகிறேன். எரிச்சல் உண்டா என்று கேட்பேன். இல்லை என்பார்கள், இல்லை என்று எழுதுவேன். பிறகு பேனாவை மூடிவிட்டு, ரொட்டிக்கு என்ன தொட்டுக்கிறீங்க என்று கேட்பேன். சீனி என்கிறவர்களை, யார் தடுத்தாலும், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். டொக்டரம்மா எனக்கு விட்டுப்போனது இந்த ஒரு கேள்வி.

அச்சடித்த கேள்வியை என்னிடம் யாராவது கேட்டால், பதில் தயார். உண்டு. நிறைய உண்டு.