மேல்பக்கம் இல்லாத குளம்

எங்களோடு மலைக்கு வருகிறேன் என்று அண்ணன் சொன்னபோதே எனக்குத் தெரியும், அவன் மலை பார்க்க வரவில்லை, ஆள் பார்க்க வருகிறான். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் தெருமுனைக்குப் போகவே ஸ்கூட்டர் எடுக்கிறவன், இமயமலையில் கூடாரம் போட்டுத் தூங்குகிறானாம். யாரிடம் கதை விடுகிறான்?

விஷயம் இதுதான். அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ரிஜிஸ்டர் ஆபீசில். என் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம், எதற்கெடுத்தாலும் மடி, ஆசாரம். என் கணவர் அதே ஊரில் அல்சூர் பக்கத்துக்காரர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் புத்தர் படம் மாட்டியிருக்கும். இதற்கு மேல் சாதியைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் புரியும். கல்யாணத்துக்கு என் வீட்டிலிருந்து ஓர் ஈ காக்காய்கூட வரவில்லை. மலைக்குக் கிளம்பியதற்கு அடுத்த மாதம் தலை தீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டிய பண்டிகை. கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நான் வெட்கமில்லாமல் காத்துக் கிடந்தேன். அம்மாதான் அண்ணனை அனுப்பியிருந்தாள், "கூடப் போய் நாலு நாள் இருந்து பாத்துட்டு வா" என்று. அவன் போய் என்ன சொல்கிறானோ, அதுதான் எனக்குத் தீபாவளி.

ரோடு முடிகிற ஊரிலிருந்து ஒன்றரை நாள் நடந்தால் அந்தப் பள்ளத்தாக்கு. சுற்றிலும் பனி பிடித்த மலைகள், நடுவில் புல்வெளி, அதில் இரண்டு குளங்கள். எங்களை அழைத்துப் போன உள்ளூர் வழிகாட்டி முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார், பெரிய குளம் குடிக்க, சின்னது கழுவ. பெரிய குளத்தில் ஓடை எதுவும் வந்து விழவில்லை. எல்லாம் அடி ஊற்று. குனிந்து பார்த்தால் உலையில் அரிசி புரளுகிற மாதிரி மணல் மெல்லப் புரண்டுகொண்டிருக்கும். மேலே ஒரு சலனம் கிடையாது. அப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்தும் நான் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடாரம் அடித்து முடித்ததும் என் கணவர் மூன்று பேர் பாட்டிலையும் எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.

"இந்தாங்க மச்சான். ஐஸ் மாதிரி இருக்கு."

"தேங்க்ஸ், குரு."

வழி முழுக்க இதே 'குரு'தான். வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டியவரை, பெங்களூர் டீக்கடையில் முன்பின் தெரியாதவனைக் கூப்பிடுகிற மாதிரி. பாட்டிலை வாங்கியவன் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கூடாரத்துக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தபோது பாட்டில் காலி. அதைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடந்தான்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கணவர் தண்ணீர் மொண்ட கல்லருகே நின்றான். பிறகு அதைத் தாண்டிப் போனான். குளத்தைப் பாதி சுற்றினான். வழிகாட்டியைக் கூப்பிட்டு, தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது என்று தன் ஓட்டை இந்தியில் கேட்டான். வழிகாட்டி குளத்தின் அடியைக் காட்டினார். "அது சரி, மேல்பக்கம் எது?" என்றான். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆற்றங்கரையில் யாருக்கு மேலே நின்று மொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வரும். என் கணவர் கை பட்ட தண்ணீருக்கு மேலே ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தான், எம்.டெக். படித்த என் அண்ணன். அந்தக் குளத்தில் அப்படி ஓர் இடமே இல்லை.

கடைசியில் எதிர்க்கரையில் மொண்டு, இரண்டு குளோரின் மாத்திரை போட்டுக் குலுக்கிக் குடித்தான்.

"ஊத்துத் தண்ணிக்கு எதுக்குண்ணா மாத்திரை?"

"சும்மா எதுக்கு ரிஸ்க்? எனக்கு வயிறு ஒத்துக்காது."

வழியில் கடைக்குக் கடை, ஈ மொய்த்த கிளாசில் டீ உறிஞ்சிய வயிறு அது. நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. தீபாவளியை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

மறுநாளும் இதே கூத்து. அவர் நிரப்பிக் கொடுப்பார், இவன் கொண்டுபோய்க் கொட்டுவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சப்பாத்தி தின்றேன்.

புறப்படுகிற அன்று காலை என் கணவர் சின்னக் குளத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். முகத்தில் அப்படியொரு வள்ளல் களை.

"நல்ல மாதிரிதான் தெரியறார். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். தீபாவளிக்கு ரெண்டு பேரும் வாங்க."

அவ்வளவு கோபத்திலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாடி போர்ஷன் காலியாத்தான் கிடக்கு. புதுசா கீஸர்கூட மாட்டியாச்சு. அவர் அங்கேயே எண்ணெய் தேச்சுக் குளிச்சிடட்டும். சாப்பாட்டையும் மேலேயே குடுத்தனுப்பிடலாம். அவருக்கும் சங்கோஜம் இல்லாம இருக்கும்."

கீஸர் மாட்டியாகிவிட்டது. அப்படியென்றால் நாங்கள் பெங்களூரை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லாம் முடிவாகிவிட்டது. பிறகு எதற்கு இந்த நாலு நாள் நாடகம்?

"அவர் மாடியில குளிச்ச தண்ணி உங்க தலைக்கு மேலதான் குழாயில இறங்கும். அது பரவாயில்லையா?" என்றேன்.

"லூசு மாதிரி பேசாதே. அம்மாவைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"நாங்க வரலை. அம்மாகிட்டப் போய்ச் சொல்லு."

மூன்று பேரும் மலை இறங்கினோம். தில்லி பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்தவுடன் தூங்கிப்போனான். கொட்டின தண்ணீர், மாத்திரை, மாடி, எல்லாவற்றையும் நான் என் கணவரிடம் சொன்னேன்.

"மாடி விஷயம் தெரியாது. மத்தது தெரியும்," என்றார். "மொதல் நாளே பாத்துட்டேன். ஒரு தடவை அவர் தலையிலேயே ஊத்திடலாமான்னு இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப மொண்டு குடுத்தீங்க?"

"நான் நிறுத்துனா, மாப்பிள்ளைக்குத் திமிருன்னு அங்க போய்ச் சொல்லுவாரு. உனக்கு அம்மா வீட்டுல தீபாவளி இல்லாமப் போயிடுமே."

அடுத்த ஊரில் பஸ் நின்றது. எங்கள் பைகளை எடுத்துக்கொண்டு, அண்ணனை எழுப்பாமல் நாங்கள் இறங்கிக்கொண்டோம்.