சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. என்னைக் கால்பந்து ஆட இழுத்துப் போனவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு ஹவில்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் ஆட்டம் கற்றவர். மைதானத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்துவிட்டார்.

"ஏலே, அவனவன் கட்டத்த அவனவன் காக்கணும். கோட்டத் தாண்டுனா தோல உரிச்சிருவேன்."

இந்தத் திட்டத்துக்கு அவர் ஆள் பிடித்த விதம் இருக்கிறதே! ஓடத் தெரியுமா, உதைக்கத் தெரியுமா என்று கேட்கவே இல்லை. நேராக எங்கள் கோர்ட்டு வாசலுக்கு வந்தார். ஒரு வரப்புக்காக ஏழு வருஷமாக வழக்காடிக்கொண்டிருந்த கூமாப்பட்டிப் பங்காளிகள் இருவரையும் பின்வரிசைக்குப் பிடித்துப் போட்டார். "சாணளவு மண்ண விடாதவன் பந்த விடுவானாலே?" என்றார். மற்ற இடங்களெல்லாம் நிரம்பிவிட்டதால் நான் கோல்கீப்பர்.

ராஜபாளையத்துக்காரர்களோடு பந்தயம் வைத்த அன்று எனக்குத் தனியாக ஒரு பரீட்சையும் இருந்தது. அந்த ஊர் ஜவுளிக் கடைக்காரர் ஒருவர், தன் மகளுக்காக என்னைப் பார்க்க வருகிறார் என்று தரகர் என் காதில் போட்டிருந்தார். அந்தப் பெண்ணை நான் சர்ச்சில் எல்லோருக்கும் சாப்பாடு போடும் அசனப் பண்டிகையில் பார்த்திருக்கிறேன். என் இலையில் இரண்டு தடவை குழம்பு ஊற்றினாள். கட்டினால் அவளைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பங்காளிகள் பிரமாதமாக ஆடினார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பயலாலும் அவர்கள் கட்டத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் எங்கிருந்தோ உருண்டு வந்த பந்து, இருவர் கட்டத்துக்கும் நடுவிலிருந்த கோட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"தொடாதலே, எம் பக்கம் கெடக்கு."

"கண்ணு அவிஞ்சு போச்சா? முக்காவாசி எம் பக்கம்லா கெடக்கு!"

ஒருவன் குனிந்து சாண் போட்டு அளக்கவே ஆரம்பித்துவிட்டான். பந்து என் கோட்டைத் தாண்டி ஐந்து எட்டுத் தூரத்தில்தான் கிடந்தது. "எடுலே, எடுலே" என்று ஊரே கத்தியது. நான் அசையவில்லை. ராஜபாளையத்து ஆள் நிதானமாக வந்து ஒரு தட்டுத் தட்டினான். கோல்.

"திட்டத்துல கொறையில்ல. கோட்டக் கொஞ்சம் கனமாப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹவில்தார் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்தது. அப்போதுதான் ஜவுளிக் கடைக்காரர் குடையோடு வந்து என் எதிரில் நின்றார்.

"ஏன் தம்பி, அஞ்சு எட்டுல கெடந்த பந்த ஏன் போயி எடுக்கல?"

"கோட்டத் தாண்டக் கூடாதுன்னு ஹவில்தார் சொல்லியிருக்காவ."

"ஊரே கத்துச்சே?"

"சொன்னா சொன்னதுதானய்யா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

"எனக்கு ஒத்தப் பொண்ணு. வீட்டோட இருக்க மாப்பிள்ள வேணும்னு மூணு வருசமாத் தேடுதேன். வாரவனெல்லாம் தனிக்குடித்தனம்ங்கான்" என்றவர், குடையை மடக்கினார். "நீங்க சரியா இருப்பீங்க, மாப்பிள்ள."

தோற்ற அணியில் அன்று சிரித்துக்கொண்டே வீடு போனவன் நான் ஒருவன்தான். எதற்குத் தலையாட்டினேன் என்பது, ராஜபாளையத்தில் மாமனார் கட்டிலுக்கும் மாமியார் அடுக்களைக்கும் நடுவே எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த அறையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.