பாதி பேட்டரி

"உன் பொண்டாட்டி கம்பெனியில என்னத்தக் கழட்டுறா?" என்று நாத்தனார் தன் தம்பியைக் கேட்பது ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில் நடக்கும். தம்பியும் சளைக்காமல், "வண்டியத்தான்க்கா" என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் மனைவி ஸ்பானர் அக்காவின் வேலையே கழற்றுவதுதான்.

வாகனத் தொழிற்சாலையில், பெயிண்ட் ஷாப்பைத் தாண்டிப் போனால், ஜன்னலே இல்லாத நீளமான கூடம் ஒன்று இருக்கிறது. நடுவில் வண்டியை உயரத் தூக்கும் இரண்டு லிஃப்ட். சுவரோரமாக வெள்ளைத் தாள் விரித்த மேசைகள். மற்ற கம்பெனிகள் செய்த புத்தம்புது வண்டியை விலை கொடுத்து வாங்கி வந்து இங்கே நிறுத்துவார்கள். அக்காவும் இன்னும் மூன்று பேரும் அதைக் கடைசி வாஷர்வரை பிரித்து, ஒவ்வொன்றையும் எடைபோட்டு, நூலில் அட்டை கட்டி, மேசையில் வரிசையாக அடுக்குவார்கள். எதிராளி எப்படிச் செய்திருக்கிறான், எங்கே மிச்சம் பிடித்திருக்கிறான் என்று பார்ப்பதற்காக.

அதற்குமுன் அவள் ஒன்பது வருஷம் கதவு மாட்டும் வரிசையில் நின்றவள். தோள்பட்டை மக்கர் பண்ணியபிறகு இங்கே மாற்றினார்கள். மற்றவர்கள் அதைத் தண்டனையாக நினைத்தார்கள். அவளோ முதல் நாளே ஒரு கதவைப் பிரித்துப் போட்டுவிட்டு, "ஒன்பது வருஷமா இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே மாட்டிட்டு இருந்திருக்கேன்" என்று உட்கார்ந்து சிரித்தாள். போல்ட் விடுபடும் சத்தத்தை வைத்தே அதை முடுக்கியது மெஷினா, ஆளா என்று சொல்லிவிடுவாள். அன்றிலிருந்து அவள் பெயர் ஸ்பானர் அக்கா.

கூடத்துக்குப் பொறுப்பான இன்ஜினியருக்குப் பெயர் பாதி சார். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. எதைக் காட்டினாலும், "நல்லாத்தான் இருக்கு, இதுல பாதி போதாதா?" என்பார். கேன்டீனில் டீயைக்கூட அரை கிளாஸ்தான் கேட்டு வாங்குவார்.

அவரிடம்தான் மேலிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தது. சின்ன வியாபாரிக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு மின்சாரப் பிக்கப் வண்டி. ஏற்கெனவே இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் விலை எகிறிக் காகிதத்திலேயே நின்றுபோன வண்டி அது. மூன்றாவது முறைக்கு ஆறு மாதம் கெடு.

முதலில், வெளியே எங்கோ செய்த விலையுயர்ந்த மின்சாரப் பிக்கப் ஒன்று கூடத்துக்கு வந்தது. பதினொரு நாளில் அதைப் பிரித்து முடித்தார்கள். பாதி சார் மேசை மேசையாக நடந்தார்.

"இந்த மோட்டார் எதுக்கு?"

"ஜன்னல் கண்ணாடிய ஏத்தி இறக்க, சார்."

"கையால சுத்தினா இறங்காதா?"

"நல்லாவே இறங்கும் சார்."

இப்படி ஜன்னல் மோட்டார் போனது. பெரிய தொடுதிரை போனது. எட்டு ஸ்பீக்கரில் ஏழு போயின. அப்படியும் விலை இறங்க மறுத்தது. காரணம் கடைசி மேசையில் தனியாகக் கிடந்தது: பேட்டரிப் பெட்டி. வண்டியின் விலையில் ஏறக்குறைய பாதியை அது ஒன்றே விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் பாதி சார் வெகுநேரம் நின்றார். தன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. விற்பனைப் பிரிவு கறாராகச் சொல்லியிருந்தது: ஒருமுறை சார்ஜ் போட்டால் முந்நூறு கிலோமீட்டர் ஓடவேண்டும், இல்லாவிட்டால் ஜனங்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள்.

அந்த ஞாயிறு நாத்தனார் வந்தபோது அக்கா இதைச் சொன்னாள். நாத்தனார் தண்ணீர் கேன் வியாபாரம் செய்பவர். சொந்தமாக ஒரு பழைய டீசல் பிக்கப். ஓட்டுவது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் அவரேதான்.

"அண்ணி, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?"

"அது ஆச்சு, எரநூறுக்குக் குறையாது. இடுப்பு விட்டுப்போகுதே, தெரியலையா?"

இருநூறு என்றது அக்காவை உறுத்தியது. தண்ணீர் நிரப்பும் ஆலையும் நாத்தனாரின் வாடிக்கைக்காரர்களும் ஊருக்குள்ளேயேதான். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலை ஐந்தரைக்கே அந்தப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"வேவு பாக்க வந்தியா? சும்மா உக்காந்திருக்கக் கூடாது, கேன் எடுத்துக் குடுக்கணும்" என்றார் நாத்தனார்.

அக்கா எடுத்துக் கொடுத்தாள். நாற்பது கேன், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். நெஞ்சு உயரத்துக்கு இருந்த வண்டியின் பின்பாடியில் ஒவ்வொன்றையும் தூக்கி வைக்கும்போதுதான் இடுப்பு விட்டுப்போவதன் ரகசியம் அவளுக்குப் புரிந்தது. தெருவுக்குத் தெரு நிறுத்தம். எஞ்சினை அணைத்து, இறங்கி, கயிற்றைத் தளர்த்தி, கேனை இறக்கி, காலி கேனை ஏற்றி, மறுபடி கயிற்றை இழுத்துக் கட்டி, மறுபடி எஞ்சினைக் கிளப்பி. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை வண்டி ஆலை வாசலில் சும்மா நின்றது. நாத்தனார் அதிலேயே சாப்பிட்டுவிட்டு அதிலேயே தூங்கினார். சாயங்காலம் வண்டி வீடு திரும்பியதும் அக்கா மீட்டரைப் பார்த்தாள்.

"அண்ணி, அறுபத்திரண்டு."

"என்ன அறுபத்திரண்டு?"

"இன்னிக்கு நீங்க ஓட்டுன தூரம்."

நாத்தனார் குனிந்து மீட்டரைப் பார்த்தார். ஒரு தட்டுத் தட்டினார். எண் மாறவில்லை. "மீட்டர் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பாதி சாரிடம் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்கள் ஒரு கணம் மின்னின. உடனே அடங்கின. "ஒருத்தர வச்சு முடிவெடுக்க முடியாதும்மா. விற்பனைக்காரங்க என்னை உரிச்சுடுவாங்க. நிறைய வண்டி வேணும்."

நிறைய வண்டிக்கு நாத்தனாரைவிட்டால் ஆளில்லை. பிக்கப் ஸ்டாண்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கட்டில் மெத்தை ஏற்றுபவர், பால் வண்டிக்காரர், டைல்ஸ் ஏற்றுபவர், செடித் தொட்டி விற்பவர் என்று தன் வண்டியோடு சேர்த்துப் பதினேழு வண்டியை ஒரே மத்தியானத்தில் திரட்டினார். மீட்டர் ரிப்பேர் என்று நிரூபிப்பதுதான் அவர் நோக்கம். கம்பெனி ஒவ்வொரு வண்டியிலும் ஓடும் தூரத்தைக் குறித்துவைக்கும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைப் பொருத்தி, ஒரு மாதம் விட்டுவைத்தது.

ஒரு மாதம் கழித்து விற்பனைப் பிரிவின் தலைவி கூட்டத்துக்கு வந்தார். கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். பதினேழு வண்டியில் பதினைந்து ஒரு நாளும் தொண்ணூறு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பால் வண்டியும் டைல்ஸ் வண்டியும் மட்டும் வெளியூர் போய்வந்தன.

"அந்த ரெண்டு பேருக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார் தலைவி.

பின்வரிசையில் இருந்த அக்கா எழுந்து நின்றாள். பெரிய கூட்டத்தில் அவள் பேசுவது அதுதான் முதல் முறை.

"அவங்களுக்குப் பெரிய பேட்டரி தனியா வையுங்க மேடம், அதுக்கான விலைய அவங்க குடுக்கட்டும். அந்த ரெண்டு பேர் ஓட்டுற தூரத்துக்கு மீதிப் பதினஞ்சு பேர் எதுக்குச் சுமக்கணும்? மத்தியானம் ரெண்டு மணி நேரம் எல்லா வண்டியும் சும்மாதான் நிக்குது. அப்பவும் சார்ஜ் போட்டுக்கலாம்."

தலைவி பேனாவை எடுத்தார். "அப்ப, சாதா வண்டிக்கு எவ்வளவு பேட்டரி?"

எல்லாரும் பாதி சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொன்னார். கூட்டமே சிரித்துவிட்டது. தலைவியும் சேர்ந்துதான் சிரித்தார்.

நான்கு மாதத்தில் மாதிரி வண்டி தயாரானது. பின்பாடியைத் தொடை உயரத்துக்கு இறக்கியிருந்தார்கள். ஓட்டிப் பார்க்க ஸ்டாண்டிலிருந்து ஆட்களை அழைத்தபோது முதலில் ஏறியது நாத்தனார். சாவியைத் திருப்பினார். காத்திருந்தார். மறுபடி திருப்பினார்.

"இது ஸ்டார்ட்டே ஆகலையே. பேட்டரிய ரொம்பத்தான் குறைச்சுட்டீங்க."

"ஆயிடுச்சு அண்ணி, இதுல சத்தம் வராது. மிதிங்க."

மிதித்தார். வண்டி துள்ளிக்கொண்டு பாய்ந்ததில் பாதி சார் பூந்தொட்டிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். நாற்பது கேன் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறிய வண்டி மூச்சு வாங்காததைப் பார்த்து நாத்தனார் முகம் மலர்ந்தது. ஆனால் இறங்கிப் பின்பாடியைச் சுற்றி வந்ததும் அது சுருங்கியது.

"கயிறு கட்டுற கொக்கி எங்க?"

அதை நீக்கிவிட்டதாகவும், வேண்டுபவர்கள் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றும் பாதி சார் விளக்கினார்.

"அப்ப கயித்த எங்க கட்டுறது, உங்க கழுத்துலயா? சார், பாட்டுப் பெட்டி இல்லேன்னா நான் பாடிக்குவேன். கொக்கி இல்லேன்னா கேன் ரோட்டுல உருளும். பின்னால பைக்குல வர்றவன் மேலயும் உருளும். ஜன்னல் மோட்டார எடுத்தீங்க, சரி. இதையும் எடுத்தா இது வண்டியில்ல, கட்டில்."

பாதி சார் கையை விரித்தார். மேலிடம் கடைசியாகத் தளர்த்திக் கொடுத்த விலைக்கு ஒருவழியாக வந்தாகிவிட்டது. இனி எட்டுக் கொக்கி சேர்த்தாலும் மேலிடம் திருப்பி அனுப்பிவிடும். நாத்தனார் அவரை விட்டுவிட்டு அக்காவை முறைத்தார். "நீ இங்க எதுக்கு இருக்க?" என்பது அந்தப் பார்வையின் அர்த்தம்.

நாத்தனார் சொன்னது நியாயம் என்று அக்காவுக்குப் பட்டது. மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல், ஓட்டிப் பார்த்த வண்டியையே லிஃப்டில் ஏற்றினாள். சொந்தக் கம்பெனி வண்டியை அந்தக் கூடத்தில் யாரும் பிரித்ததில்லை. மதியத்துக்குள் கதவு, இருக்கை, பின்பாடி மூன்றையும் கழற்றிவிட்டுப் பாதி சாரைக் கூப்பிட்டாள். மேசையில் ஏழு போல்ட் வரிசையாக நின்றன.

"இதெல்லாம் நம்ம வண்டியோடது சார். ஏழு அளவு. இதுல நாலு, கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. ஆனா லைன்ல நிக்கிறவங்க ஒவ்வொண்ணுக்கும் கருவிய மாத்தி மாத்தி எடுக்கணும். நான் ஒன்பது வருஷம் அப்படித்தான் எடுத்தேன். இதை ரெண்டே அளவாக்குங்க. வேலை நேரம் குறையும், தப்பு போல்ட் போட்டுத் திருப்பி அனுப்புறதும் நிக்கும். மிச்சமாகுறதுல கொக்கி வந்துடாதா?"

பாதி சார் ஏழையும் கையில் எடுத்துப் பார்த்தார். அதில் ஐந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மூன்று நாள் தகவலே இல்லை. வண்டியைக் கேட்காமல் பிரித்ததற்கு என்ன வரப்போகிறதோ என்று அக்கா கூடத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் திருத்திய வரைபடம் வந்தது. பின்பாடியில் பக்கத்துக்கு நான்காக எட்டுக் கொக்கிகள் வரைந்திருந்தன.

வண்டி சந்தைக்கு வந்தது. மேலிடம் முதலில் கேட்ட விலைக்கு அது இறங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டீசல் பிக்கப்பைவிடக் கொஞ்சம் கூடத்தான். டீசல் போடும் செலவு இல்லாததால் இரண்டாம் வருஷத்தில் அது சரிக்கட்டும் என்று கம்பெனி சொன்னது. ஸ்டாண்டில் சிலர் நம்பினார்கள், சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள். டைல்ஸ்காரர் பெரிய பேட்டரி வண்டி வாங்கினார். பால் வண்டிக்காரர் டீசலே போதும் என்றுவிட்டார்.

நாத்தனார் எட்டு மாதம் பிடி கொடுக்கவில்லை. டைல்ஸ்காரரின் வண்டி ஒரு முழு மழைக்காலத்தைத் தாண்டி ஓடுவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான், சாதா வண்டி வாங்க ஷோரூமுக்குக் கிளம்பினார். துணைக்கு அக்கா. விற்பனைக்காரர் வண்டியின் பெருமைகளைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "தெரியும் தம்பி, மேல சொல்லு" என்று சொல்லி அவரை ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார். தரைவிரிப்பு ஒன்றை இனாமாக வாங்கிக்கொள்ளவும் தவறவில்லை.

இருவரும் புது வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. கடைத்தெருவில் போவோர் பேசுவதெல்லாம் உள்ளே தெளிவாகக் கேட்டது. நாத்தனார் ஏதோ சொல்ல வந்து, தன் குரலே தன் காதில் இடிக்க, சட்டென்று நிறுத்தினார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா நான் கத்திக் கத்திப் பேசுனது அந்த எஞ்சினாலதானா?"

"எனக்குத் தெரியாது அண்ணி. உங்க தம்பியக் கேளுங்க."

நாத்தனார் சிரித்துக்கொண்டே, வீடுவரை மெல்லிய குரலில் பேசிக்கொண்டு வந்தார். அவர் இத்தனை இதமாகப் பேசி அக்கா கேட்டதே இல்லை. தெருமுனையில் வண்டி திரும்பியதும், வாசலில் நின்ற தம்பியைப் பார்த்து நாத்தனார் தலையை வெளியே நீட்டினார். "அந்தக் கேட்டத் தொறயேண்டா" என்றது நான்கு வீட்டுக்குக் கேட்டது.