சொல்லிக்கொள்ளாமல் போன எட்டுப் பேர்

எங்கள் மாடியில் தான்சானியாவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் ஒரு வருடம் ஏழு மாதம் குடியிருந்தான். ஓசூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. படித்தான். வெளிநாட்டுக்காரனுக்கு வீடு விட்டால் போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த காகிதத்தில் பிழை இருந்தால் என்ன ஆகுமோ என்று முதல் மாதம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஒன்றும் ஆகவில்லை. பிறகு குழாயைச் சரியாக மூடுகிறானா என்று கவலைப்பட ஆரம்பித்தேன். கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் போல்ட்டும் நட்டும் எண்ணிய கை இது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருப்பதில்லை.

விடுமுறை நாளில் அவன் வீட்டில் தங்கமாட்டான், பஸ் ஏறிவிடுவான்; அப்படிச் சுற்றியே தமிழ் பேசப் பழகிவிட்டான். பக்கத்துப் பேரிகை ஊர்ச் சந்தையில் தக்காளிக்காரம்மா தெலுங்கில் கூப்பிட்டு, கன்னடத்தில் விலை சொல்லி, பேரம் பேசியதும் தமிழில் திட்டினாள் என்று வந்து நடித்துக் காட்டுவான். மாங்காய்க் காலத்தில் ஒருமுறை என்னையும் வேப்பனப்பள்ளிக்கு இழுத்துப் போனான். அன்று அவனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் பலர்.

"எத்தன பேரு அங்கிள்? நீங்க எண்ணியிருப்பீங்களே."

"பதினாறு."

"அதுல எத்தன பேரு என் பேரு கேட்டாங்க?"

ஒருவரும் கேட்கவில்லை. அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை, அவனுடைய அப்பா இறந்துவிட்டதாக ஊரிலிருந்து போன் வந்தது. மறுநாளே அடக்கம். எந்த விமானம் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. விசா நீட்டிப்பும் வந்திருக்கவில்லை, வெளியே போனால் திரும்பி வரமுடியுமா என்பதும் நிச்சயமில்லை. என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"எங்க ஊர்ல சாவுன்னா எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க அங்கிள். கூட உக்காருவாங்க. தனியா விடமாட்டாங்க. இங்க யாராச்சும் வருவாங்களா?"

"வருவாங்க," என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். பாதிப் பேர் சேலம், மதுரை, திருநெல்வேலியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவர்களை எழுப்பினேன். எதிர்வீட்டம்மா கதவைப் பாதி திறந்து யோசித்தாள்.

"பொணமில்லாத எழவுக்கு எப்படீங்க போறது? மாலைய யாருக்குப் போடறது?"

உள்ளேயிருந்து அவள் கணவர் குரல் கொடுத்தார். "அவருக்கே போட்டுடு. காலையிலேருந்து தெருவச் சுத்திச் சுத்தி வர்றாரு, பாதி உயிரு போயிருக்கும்."

"வாய மூடுங்க, தகப்பன் செத்த பையன் மேல இருக்கான்," என்று அவரை அடக்கிவிட்டு, "வரோங்க," என்றாள். துணிக்கடை பாய் மட்டும் ஒன்றும் யோசிக்கவில்லை. "மணி சொல்லுங்க, கடைய சாத்திட்டு வரேன்," என்றார்.

மாலை ஐந்து மணிக்கு என்னையும் சேர்த்து ஒன்பது பேர் மாடியில் உட்கார்ந்தோம். அவன் டீ போட்டு வைத்திருந்தான். சாவு வீட்டில் யார் குடிப்பார்கள்? டம்ளர்கள் அப்படியே ஆறின. போனில் அப்பாவின் படத்தைக் காட்டினான். எதிர்வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவராக எழுந்து போனோம். அவன் படிக்கட்டின் மேற்படியில் நின்று கையை நீட்டினான். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. பாய் மட்டும் அவன் கையைப் பிடித்து, "நாளைக்கு வந்து பாக்கறேன் தம்பி," என்றார். அவர்கள் வீட்டில் அந்த வழக்கம் வேறு போலும். நானும் தலையைக் குனிந்தபடி இறங்கினேன். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டோம் என்று மனதுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் காலை இரண்டு பைகளோடு இறங்கி வந்தான். பெங்களூர்ப் பக்கம் அவன் நாட்டுப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து இருக்கிறார்கள், அங்கே போகிறேன் என்றான். கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமே என்று கேட்டேன். பரவாயில்லை என்றான்.

"இங்க என்ன குறை?"

தயங்கினான். "அன்னிக்கு யாரும் என் கையத் தொடல. டீ குடிக்கல. ஒரு வார்த்த சொல்லாம போனாங்க. பாய் மட்டும்தான் கையப் புடிச்சு சொன்னாரு. நீங்களும் சொல்லல அங்கிள்."

"இழவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதுப்பா. சொன்னா மறுபடியும் சாவுக்கு வரேன்னு ஆயிடும். உன் நல்லதுக்குத்தான் யாரும் சொல்லல."

"டீ?"

"அதுவும் வழக்கம்தான்."

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவன் அசையவில்லை. "இப்ப புரியுது. ஆனா நாலு நாளா நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சிட்டே இருந்தேன்," என்றான். பிறகு என் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டான். பதினோராம் நாள் ஒரு மெசேஜ் அனுப்பினேன். நலமாக இருப்பதாகப் பதில் வந்தது. அவ்வளவுதான்.

அவன் கிளம்புவதற்கு முன், துக்கத்தில் இருப்பவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அந்த நான்கு நாளில் பாய் இரண்டு தடவை மேலே போய் வந்தார். மாடிக்குப் படிகள் பதினேழுதான். முழங்கால் வலியோடும் ஏறியிருக்கலாம். நான் கீழே கட்டிலில் படுத்து, மேலே கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்து, ஜன்னலிலிருந்து கதவு வரை அவன் எத்தனை அடி நடக்கிறான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.